செருப்பு மாமியின் நேர்முகத் தேர்வு

கல்கத்தாவில் வேலைக்கு ஆள் எடுத்தவர்களிலேயே மகா கண்டிப்பானவர் செருப்பு மாமிதான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மாமி யாரையும் அடித்ததில்லை.

லேக் கார்டன்ஸில் தன் வீட்டுக் கீழ்த்தளத்து இரண்டு அறைகளில், எதையும் மெல்லக் கற்பதால் மற்ற பள்ளிகள் கைவிரித்த குழந்தைகளுக்காக மாமி ஒரு பள்ளி நடத்தினார். பன்னிரண்டு குழந்தைகள், மூன்று டீச்சர்கள். நாலு குழந்தைக்கு ஒரு டீச்சர் என்பது மாமியின் சட்டம். தொண்ணூறுகளில் மாற்றலாகி வந்த நான், மூன்று பள்ளிகள் திருப்பி அனுப்பிய என் ஏழு வயது மகள் நித்யாவுக்கு இடம் கேட்டு அங்கே போய் நின்றேன். இதையும் விட்டால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

"சேத்துக்கறேன். ஆனா பதிமூணாவது குழந்தை வந்தா நாலாவது டீச்சர் வேணுமே. எனக்கு ஆள் கெடைக்கலே. நீங்களே பிடிச்சுண்டு வாங்கோ!" என்றார் மாமி.

மாமியின் தேர்வில் கேள்வியே கிடையாது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியான மிட்டு என்ற சிறுமி எதிரே உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டுவாள். இருபது நிமிஷம் ஆகும். வேலைக்கு வந்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஒரு பேங்க் மேனேஜரின் மனைவியை அழைத்துப் போனேன். படிப்பில் தங்க மெடல் வாங்கியவர். மூன்றாவது நிமிஷம் குனிந்து வாரை மாட்டிவிட்டார். "போயிட்டு வாங்கோ" என்றார் மாமி. பெஹாலாவிலிருந்து வந்த ஒரு தீதி, அதாவது வங்காளத்து அக்கா, மிட்டுவைப் பார்த்ததுமே "ஆஹாரே!" என்று உச்சுக்கொட்டினார். அவருக்கு மாமி நாற்காலியே போடவில்லை. கரியாஹாட்டில் டியூஷன் எடுத்த மாஸ்டர் பதினெட்டு நிமிஷம் தாக்குப்பிடித்தார். நான் மனதுக்குள் நித்யாவுக்கு யூனிபாரமே தைத்துவிட்டேன். மாஸ்டர் கொட்டாவி விட்டார். தொலைந்தது.

மறுநாள் மனைவி சரஸ்வதியையும் நித்யாவையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கே போய்விட்டேன்.

"இது பள்ளிக்கூடமா, சர்க்கஸா மாமி? மூணு பேரைக் கொண்டு வந்தாச்சு!"

"சண்டையை அப்பறம் போடலாம். நித்யா, உன் செருப்பைப் போட்டுக்கோ, பார்க்கலாம்."

அவளுக்கு எப்போதும் நான்தான் மாட்டிவிடுவேன். பழக்கதோஷத்தில் குனிந்தேன். சரஸ்வதி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது; தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அரைமணி நேரம். விரல் வழுக்கி, வார் நழுவி, மறுபடி பிடித்து, கடைசியில் நித்யா மாட்டியேவிட்டாள். இடது வலது மட்டும் மாறியிருந்தது.

"நாலாவது டீச்சர் கெடச்சாச்சு" என்றார் மாமி.

நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"உங்களைச் சொல்லலே. நீங்க ஃபெயில்" என்றவர் சரஸ்வதியிடம் திரும்பினார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. குழந்தையையும் அழைச்சுண்டு வா."

சரஸ்வதி அங்கே பதினொரு வருஷம் டீச்சராக இருந்தாள். மாமி இப்போது இல்லை. வாழ்க்கையில் என்னைப் பாஸ் போட்டவர்கள் எத்தனையோ பேர்; நான் அழுதது, ஃபெயிலாக்கிய அந்த ஒருவருக்காகத்தான்.