வெளிப்பெட்டியை உள்ளே வைத்த கரடி

ஒரு காட்டில், அதாவது தாழம்புதர் முடிகிற இடத்தில் கடல் தொடங்கிவிடுகிற ஒரு காட்டில், சடையாண்டி என்று ஒரு கரடி இருந்தார். உடம்பு முழுக்க ஒரு சாண் முடி. ஊரோ உப்புக்காற்றும் புழுக்கமுமான ஊர். கம்பளி போர்த்திய ஆளைக் கொண்டுபோய் அடுப்படியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது அவர் பிழைப்பு. சித்திரை பிறந்துவிட்டால் மனுஷர் பேசுவதையே நிறுத்திவிடுவார். வாயைத் திறந்தால் மூச்சு வாங்கும்.

மனுஷர் என்றா சொன்னேன்? கரடிதான். வெயிலில் எல்லாரும் ஒன்றுதான், விடுங்கள்.

அவருக்கு ஒரே மகள், தேனம்மை. தாயில்லாப் பிள்ளை. "நான் பட்ட புழுக்கம் என் பிள்ளை படக்கூடாது. இவளை மலைக்காட்டில்தான் கட்டிக்கொடுப்பேன்" என்று அவள் தவழ்கிற காலத்திலேயே சொல்லிவிட்டார். அவ்வளவு பாசம்.

அவர் குகையில் ஒரு ஏ.சி. இருந்தது. உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே பாறைமேல் கடலைப் பார்த்து ஒரு பெட்டி. உள்பெட்டி குளிரைக் கொடுக்கும். வெளிப்பெட்டி குகையில் இருக்கிற சூட்டை வாங்கி வெளியே ஊதும். அதை மாட்டியவன் கொம்பையா என்கிற குரங்கு. பாறைக்குப் பாறை தாவி சர்வீஸ் பார்க்க அந்தக் காட்டில் அவனை விட்டால் வேறு நாதியில்லை. மாட்டின அன்றைக்கே அவன் சொல்லிவிட்டான்.

"அண்ணாச்சி, இது கடக்கரை. உப்பு படிஞ்சா தகடெல்லாம் பொரிஞ்சு போயிரும். மாசம் ஒருக்கா நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

சடையாண்டி தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு யோசித்தார். இரும்புக்குத் தண்ணீர் ஆகுமா? அரிவாள்மணை துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறோம், எண்ணெய் தடவுகிறோம். ஆகவே சனிக்கிழமைதோறும் தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறபோது வெளிப்பெட்டிக்கும் ஒரு கை தேய்த்துவிட்டார். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய். உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். கடற்கரை மணல் பறந்து வந்து அதில் ஒட்டியது. எண்ணெய்க்கு எறும்பு வந்தது. ஆடிக்காற்று அடங்குவதற்குள் பெட்டி இருமி இருமி ஒருநாள் நின்றேபோனது.

கொம்பையா வந்து மோந்து பார்த்தான். "தாளிச்சிருக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"பாதுகாப்பா வச்சிருந்தேன்" என்றார் சடையாண்டி. அவருக்குக் கோபம் காற்றின்மேல்தான் வந்தது.

இந்த நேரம் பார்த்து மலைக்காட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பையன், நாலு தேன்பாறை சொந்தமாக உள்ள குடும்பம். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியவர்கள் கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினார்கள். "எங்க ஆளுகளுக்கு வெக்கை ஒத்துக்காது. போன தடவை ஒரு வீட்டுல வெக்கை தாங்காமதான் பொண்ணை வேண்டாம்னுட்டு எந்திரிச்சு வந்தோம்." சடையாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த இடம் தட்டிப்போனால் மலையில் மாப்பிள்ளைக்கு வேறு கரடிக் குடும்பம் கிடையாது. மகள் இந்தப் புழுக்கத்திலேயே கிடந்து வேகவேண்டியதுதான்.

பழசைத் தூக்கிப்போட்டுவிட்டு அன்றைக்கே புது மெஷின் வாங்கினார். இன்வெர்ட்டர் ஏ.சி., சத்தமே வராது என்றார்கள். ரிமோட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க விடவில்லை. வெளிப்பெட்டியைத் தடவிப் பார்த்தார். அத்தனை வெள்ளை. இதைப் போய் அந்தப் பாழாய்ப்போன உப்புக்காற்றில் நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

"கொம்பையா, இதையும் உள்ளேயே மாட்டு."

"எதை?"

"இந்த வெளிப்பெட்டியைத்தான். மகாலட்சுமி கணக்கா இருக்கு. இதை வெளியே நிறுத்துவாங்களா?"

"அண்ணாச்சி, அது சூட்டைத் துப்புற பெட்டி. உள்ளே வச்சா வீட்டுக்குள்ளதான் துப்பும்."

"துப்பட்டும். நம்ம வீட்டுச் சூடுதானே, நம்ம வீட்டிலேயே கிடந்துட்டுப் போகுது."

கொம்பையா தொழில் தெரிந்தவன். வாடிக்கையாளரோடு ஒரு தடவை வாதாடுவான், அதற்குமேல் துளை போட ஆரம்பித்துவிடுவான். குகையின் கிழக்குச் சுவரில் குளிர்ப்பெட்டியையும் மேற்குச் சுவரில் சூட்டுப்பெட்டியையும் மாட்டினான். இதற்கு வாரண்டி கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தேனம்மை பட்டு உடுத்திக்கொண்டு வந்து பார்த்தாள். கிழக்கே நின்றால் பல் தந்தியடித்தது. மேற்கே நின்றால் பவுடர் வழிந்தது. "அப்பா, இது தப்பா மாட்டியிருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரு. பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல பொண்ணு பேசலாமா?" என்றார் சடையாண்டி. அத்தோடு அவள் பேச்சு முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். குளிர்ப் பக்கத்தைக் கண்டதும் எல்லாரும் கிழக்குச் சுவரோரமாக நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் இடமில்லை. அவர் மூட்டுவலிக்காரர். தத்தித் தத்தி நடந்துபோய் மேற்குச் சுவரோரம் உட்கார்ந்தார். நேராகச் சூட்டுப்பெட்டி முன்னால். சடையாண்டிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சுடுகாற்று அந்த அம்மாள் முழங்காலில் அடித்தது. தட்டில் இருந்த கேசரி காய்ந்து வெடித்தது. அந்த அம்மாள் மெல்ல ஒரு காலை நீட்டினார். மடக்கினார். மறுபடி நீட்டினார்.

"மடங்குதே" என்றார். "மலைப்பனியில பிடிச்ச முட்டி இது. எந்த வைத்தியனாலயும் மடக்க முடியலை. இது என்ன மெஷின் சம்பந்தி?"

சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. "இது ரெண்டு பக்கமும் வேலை செய்யிற மெஷின் சம்பந்தி. ஒரு பக்கம் குளுகுளு, ஒரு பக்கம் கதகதப்பு. நானே நின்னு சொல்லிச் சொல்லி மாட்டவச்சது" என்றார்.

"அப்ப சீரோட இதே மாதிரி ஒண்ணு வரட்டும். உள்ளேயேதான் மாட்டணும். சரின்னா இப்பவே பூ வச்சிருவோம்."

பூ வைத்தார்கள். சேதி பரவியது. மானும் முயலும் காட்டுப்பன்றியும் போட்டி போட்டுக்கொண்டு வெளிப்பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தன. கொம்பையா இப்போது ஒரு தடவைகூட வாதாடுவதில்லை. அந்தப் புரட்டாசி வெயிலில் காடே வளைக்குள் வெந்தது. ஆனால் யார் வீட்டுப் பெட்டியிலும் துரு இல்லை என்று எல்லாருக்கும் பெருமை.

கல்யாணம் முடிந்து தேனம்மை மலைக்குப் போனாள். சீர்மெஷினும் போனது. அங்கே சூட்டுப்பெட்டியை மாமியார் கட்டிலுக்கு நேராக மாட்டினார்கள். குளிர்ப்பெட்டியை எங்காவது மாட்டவேண்டுமே, மருமகள் படுக்கிற மூலையில் மாட்டினார்கள். ரிமோட் மாமியாரின் தலையணைக்கு அடியில் இருந்தது. பிறகு மார்கழி வந்தது.

ஒருநாள் தேனம்மை போன் செய்தாள். "அப்பா, குளிருதுப்பா. வெளியவும் பனி, உள்ளேயும் பனி. கை கால் விறைச்சுப்போகுது. மெஷினை நிறுத்தச் சொன்னா முட்டி பிடிச்சுக்கும்கிறாங்க. என்னை வந்து கூட்டிட்டுப் போங்கப்பா."

சடையாண்டி அப்போது மேற்குச் சுவரோரம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, சர்வீஸுக்கு வந்திருந்த கொம்பையாவைப் பார்த்தார்.

"கேட்டியாடே? என் மகளுக்குக் குளிருதாம்."

கொம்பையா திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். அவன் வாதாடுவதை விட்டு நாளாயிற்று. சடையாண்டி போனில் "நல்லா இரும்மா. இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு துணியை எடுத்து வெளிப்பெட்டியைத் துடைத்தார். ஒரு பொட்டுத் துரு கிடையாது.

நீதி: கடற்கரையில் வீடு உள்ளவர்கள் பத்திரமாக வைக்கவேண்டியதை உள்ளே வைத்துக்கொண்டு, மற்றதை மலைக்கு அனுப்பிவிடவும். மெஷின் கெட்டுப்போனால் கேட்பாரில்லை. மகளுக்கு மாமியார் இருக்கிறார்.