செம்புக் கோல் ஏற்றிய மின்சாரம்

குளிர்காலம் வந்தால் அரிசோனா பாலைவனத்தில் எங்கள் கூட்டம் இறங்கிவிடும். எல்லாம் பென்ஷன் வாங்கும் கிழங்கள். ஆளுக்கொரு டிரெய்லர் வீடு. கரண்ட் கம்பம் கிடையாது. பகல் வெயில் கூரைமேல் இருக்கும் சோலார் தகட்டில் விழுந்து பேட்டரியை நிரப்பும். ராத்திரி அதை வைத்துத்தான் பிழைப்பு. பேரப்பிள்ளைகளைவிட பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். இப்படிப்பட்ட இடத்தில் பேட்டரிக்கென்று ஒரு சாமியார் முளைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

முளைத்தார். பெயர் பிரதர் க்ளைட். கையில் செம்புக் கோல். அது தொட்டால் சோர்ந்த பேட்டரி நிரம்பிவிடுமாம். விடிந்ததுமே மடக்கு நாற்காலிகளோடு வரிசை நிற்கும்.

“எல்லா ஸ்விட்சையும் அணைங்க. மௌனமா இருங்க” என்பார். அணைப்பார்கள். கோலால் தொடுவார். பேட்டரி மீட்டரில் வோல்ட் எண் மெல்ல ஏறும். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பிரதர் காசு கேட்க மாட்டார், உத்தமர். சோலார் தகட்டைத்தான் கேட்பார். கோல் தொட்ட வீட்டில் தகடு இருந்தால் சக்தி கோபித்துக்கொள்ளுமாம். அந்தத் தகடுகள் அவருடைய வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போவதை எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு வரிசையில் நின்றோம்.

என் பக்கத்து டிரெய்லர்க்காரர் ஹார்லனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் ராத்திரி தாங்க மாட்டார். பேட்டரியோ விடியுமுன் தள்ளாட ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி டோரீன் பயந்துபோய்த் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பிரதரைக் கூட்டிவந்தாள். வரிசையும் பின்னாலேயே வந்தது.

“ஹார்லன், மெஷினை அணை” என்றாள்.

“மாட்டேன்.”

“ரெண்டு நிமிஷம்தானே! பிரதர் காத்துட்டிருக்காரு.”

“ராத்திரி இது ஓடுறப்பத்தான் பேட்டரி சாகுது. ஓடுறப்பவே நிரப்பட்டும்.”

பிரதர் தொட்டார். எண் அசையவில்லை. இன்னொரு முறை தொட்டார். கொஞ்சம் இறங்கியது.

“இங்க யாரோ சந்தேகப்படுறாங்க.”

“நான்தான் தம்பி” என்றார் ஹார்லன்.

பிரதர் கோலைச் சுருட்டாத குறையாக அக்குளில் இடுக்கிக்கொண்டார். “இந்த வீட்ல இனி ஒரு துளி சக்தி ஏறாது!” என்று சபித்துவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹார்லன் மூக்கிலிருந்த குழாயை எடுத்தார். மெஷினை அணைத்தார். எல்லோரும் மீட்டர்மேல் குனிந்தோம்.

சபிக்கப்பட்ட பேட்டரியில் எண் ஏறிக்கொண்டே போனது.

மறுபடி மெஷினைப் போட்டார். எண் தடாலென்று பழைய இடத்துக்கே விழுந்தது.

“மூட்டை சுமக்கிறவன் அதை இறக்கினா நிமிருவான். நிமிந்துட்டான்னா வயிறு நிறைஞ்சுதுன்னு அர்த்தமா?” என்றார், மூச்சு வாங்க.

டோரீன் தரையில் கிடந்த தகட்டைப் பார்த்தாள். பிறகு வண்டிக் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். “ராத்திரி இவரு மூச்சு நின்னிருந்தா, உன் கோலை எங்கய்யா வச்சுத் தொட்டிருப்ப?”

வண்டி கிளம்பப் பார்த்தது. ஆனால் முன்னால் மடக்கு நாற்காலிகளைப் போட்டு நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். மற்றவர்கள் வண்டியில் மிச்சமிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

வங்கி மேலாளருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “ஆனா எண் ஏறினதை என் கண்ணால பாத்தேனே!”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு சார்” என்றார் ஹார்லன். “எல்லாத்தையும் அணைக்கச் சொன்னப்ப மூளையையும் சேத்து அணைச்சிட்டீங்க. வீட்டுக்குப் போனதும் முதல்ல அதைப் போடுங்க.”