ஹில்க்கா விட்டுப்போன காணாக்கடி

ஒலாவி துண்டை அவிழ்த்ததும், குடியிருப்புக்குப் பொதுவான சௌனா நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் வியர்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் ஒருசேர நகர்ந்தார்கள். அவர் மார்பு முழுக்கச் சிவப்புத் தடிப்பு.

"என்னய்யா இது?" என்றார் பக்கத்து வீட்டு ரெய்னோ.

"காணாக்கடி. ஹில்க்கா குடுத்துட்டுப் போனது," என்றார் ஒலாவி, கொஞ்சம் பெருமையாகவே.

மனைவி ஹில்க்கா இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவளுக்கு வருடக்கணக்காக இதே தடிப்பு. தொற்றிவிடுமென்று பயந்து ஒலாவி முதல் வாரமே படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார். அவள் தூக்கத்திலேயே போன அன்றும் நடுவில் அந்தச் சமையலறைச் சுவர் இருந்தது. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. இப்போது அவளுடையது ஏதோ ஒன்றாவது தன்னிடம் வந்து சேர்ந்ததே என்று ஓர் ஆறுதல்.

"தொத்துமா?"

"தொத்தாம எனக்கு எங்கேருந்து வந்துச்சாம்?"

நாலு பேரும் துண்டைத் தேடினார்கள்.

"சமையலறையில நீ விடுற குறட்டைதான் சுவரைத் தாண்டி வருதுன்னு பாத்தேன், இதுவுமா?" என்றபடி ரெய்னோ ஓடினார்.

அடுத்த சனிக்கிழமை சௌனாவில் ஈ காக்கை இல்லை. தனியாக வியர்ப்பது கொடுமை. ஒலாவி பலகைகளையெல்லாம் தார் கலந்த சோப்புப் போட்டுத் தேய்த்து, ஆளாளுக்குக் கெஞ்சிக் கூட்டிவந்தார். உட்கார்ந்த சற்று நேரத்தில் ரெய்னோவின் தொடை சிவந்தது.

"தொத்திருச்சு! படுபாவி, தொத்திருச்சு!"

குடியிருப்பின் மாடிப்படி முழுக்க ஆட்கள் சொறிந்துகொண்டு நின்றார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் இர்மெலியை வரவழைத்தார்கள்.

"ரெய்னோ, உங்களுக்குச் சோப்பு ஒத்துக்கல, அவ்வளவுதான். மத்தவங்க சும்மா சொறியறீங்க. காணாக்கடி யாருக்கும் தொத்தாது, கட்டிப்பிடிச்சாலும் தொத்தாது. ஒலாவிக்குச் சூடும் துக்கமும் சேர்ந்து கிளப்பிவிடுது."

"வாய்யா, மேல் பலகைக்கு வந்து உக்காரு!" என்று ரெய்னோ ஒலாவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

ஒலாவி அசையவில்லை. படியிலேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அப்ப எதுக்கும்மா நான் சமையலறையில கிடந்தேன்? அவ தனியாக் கிடந்து எவ்வளவு ஏங்கினாளோ!"

இர்மெலி அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"ஹில்க்காவுக்குத் தொடக்கத்துலயே சொல்லிட்டேன், இது தொத்தாதுன்னு. 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே இர்மெலி, கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் குறட்டை இல்லாம தூங்குறேன்'னாங்க."