தின்னக் கூடாத குடில்

சேரப்பணஞ்சேரி,
டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் சாம்சன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மெர்சியின் கணவன் தசரதன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மெர்சியும் மகள் தென்றலும் மகன் லோகேஷும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். எந்த ஆண்டவன் என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், இரண்டு பேருமே பார்த்துக்கொள்கிறார்கள். ஓசூரில் தாங்களும் தங்கள் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முதலில் போட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைக்காதீர்கள். உங்கள் போன் நம்பர் எங்களிடம் இல்லை. நான் வேறு மதத்துக்காரன் என்று நீங்கள் தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை, அதற்கப்புறம் எங்கள் வாசலையும் மிதிக்கவில்லை, நம்பரையும் மாற்றிக்கொண்டீர்கள். தென்றலுக்கு வல்லக்கோட்டை முருகர் கோயிலில் காது குத்தினபோது தாய்மாமன் மடி இல்லாமல் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தின் மடியில் உட்கார வைத்தோம். நல்ல மனுஷன்தான், இருந்தாலும் அவர் எப்படி மாமன் ஆவார்? அப்படிப்பட்ட நீங்கள் இந்த மாதத் தொடக்கத்தில் திடீரென்று ஒரு பார்சல் அனுப்பினீர்கள். நீங்கள் ஓசூரில் இருப்பதே அதன் மேல் ஒட்டியிருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளே பிஸ்கட் வெட்டுகிற தகர அச்சுகள், ஒரு துண்டுச் சீட்டு. 'பிள்ளைகளோடு சேர்ந்து தின்பண்டத்திலேயே கிறிஸ்துமஸ் குடில் செய்யுங்கள். சின்ன வயதில் நானும் மெர்சியும் செய்வோம். கிறிஸ்துமஸ் அன்று வந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் தின்னக் கூடாது.' அவ்வளவுதான். நல்லா இருக்கிறாயா தங்கச்சி என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் தங்கை பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே, அவள் வேலை செய்கிற செல்போன் கம்பெனியில் லைனில் இருக்கிற அத்தனை பெண்களிடமும் "எங்கண்ணன் வருது" என்று சொல்லியாகிவிட்டது. பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரம் பார்த்து மெர்சிக்கு செகண்ட் ஷிப்ட். எனக்கு ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஆகவே சாயங்காலத்தில் இரண்டு பிள்ளைகள், உங்கள் அச்சு, உங்கள் உத்தரவு மூன்றும் என் தலையில் விழுந்தன. அச்சுகளைப் பற்றி முதலில் கேட்டுவிடுகிறேன். மணி இருக்கிறது, மரம் இருக்கிறது, கிளை கிளையாகக் கொம்பு வைத்த மான் இருக்கிறது, மனுஷன் ஒன்றே ஒன்று. மாட்டுத் தொழுவத்துக்கு மான் எதற்கய்யா வந்தது? மாடும் கழுதையும் எங்கே? லோகேஷ்தான், "அப்பா, கொம்ப ஒடிச்சுட்டா அது மாடு, காத மட்டும் வுட்டா கழுத" என்று வழி கண்டுபிடித்தான். ஒடித்த கொம்பெல்லாம் எங்கே போனது என்று பிறகுதான் யோசித்தேன். மனுஷ அச்சு ஒன்றே இருந்ததால் யோசேப்பு, மரியாள், மேய்ப்பர்கள், மூன்று ராஜாக்கள் எல்லோரும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு யூனிஃபார்மோடு நிற்கிற கூட்டம் மாதிரி இருந்தது. தென்றல் மரியாளுக்கு நீலக் கிரீமில் புடவை கட்டினாள். முந்தானை வழிந்து யோசேப்புக்கும் பாதி ஆனது.

எங்கள் வீட்டில் பிஸ்கட் வேகவைக்கிற ஓவன் கிடையாது. உங்கள் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் மணல் கேட்டு வாங்கி, சலித்து, பழைய அலுமினியக் குண்டானில் கொட்டி, மேலே தட்டு வைத்து மூடி வேகவைத்தேன். முதல் ஈட்டில் மேய்ப்பர்கள் கருகிப்போனார்கள். இரண்டாவது ஈடு சரியாக வந்தது. சரி, வேலையை ஒழுங்காகப் பிரிப்போம் என்று, எனக்குத் தெரிந்த வித்தையைப் பயன்படுத்தி, சமையல் மேடையில் ஒரு லைன் போட்டேன். தென்றல் அச்சில் வெட்ட வேண்டும், நான் வேகவைப்பேன், லோகேஷ் திராட்சையில் கண் வைக்க வேண்டும். அவன் ஒரு கண் வைத்தால் ஒரு கண்ணைத் தின்றான். ஆகவே மேய்ப்பர்கள் அத்தனை பேருக்கும் ஒற்றைக் கண். அதட்டினால், "அவரு கண்ணடிக்கிறாருப்பா" என்கிறான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் வாய் சும்மா இருக்காமல், "உடைஞ்சது ரிஜெக்ட், ரிஜெக்ட்ட மட்டும் தின்னலாம்" என்று ஒரு விதி சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என் லைனில் நடந்ததை எந்த சூப்பர்வைசரும் பார்த்திருக்க மாட்டான். நல்ல பீஸாக வந்தவர்களுக்கெல்லாம் தானாகக் கால் ஒடிகிறது. "அப்பா, ராஜாவுக்குக் கழுத்துல கிராக். ரிஜெக்ட்" என்கிறாள் மகள். எங்கேடி கிராக், காட்டு என்று திரும்புவதற்குள் ராஜா உள்ளே போய்விட்டார். மூன்று ராஜாக்களைத் தேற்றுவதற்கு நான் எத்தனை ராஜாக்களைச் சுட்டேன் என்று எனக்கே தெரியாது. இதெல்லாம் உங்களால் வந்த வினை.

சுவருக்குக் கடலை மிட்டாய்ப் பலகை, கூரைக்கு ரிப்பன் பக்கோடா, ஆட்டுக்குப் பொரி உருண்டை, வைக்கோலுக்கு வறுத்த சேமியா, தொட்டிலுக்குப் பாதியாகப் பிளந்த சோமாசு. இதெல்லாம் பிள்ளைகளின் யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஒட்டுவதற்கு நான் காய்ச்சிய வெல்லப் பாகுதான் நிற்கவில்லை. சுவர் சாயும், கூரை சரியும், நான் ஒரு கையால் பெத்லகேமைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் அக்கா முனியம்மாளுக்குப் போன் போட்டேன். அக்கா பக்கத்துத் தெரு. எங்கள் குடும்பத்தில் உங்கள் தங்கையை முதல் நாளிலிருந்து தாங்குகிற மனுஷி. வந்து, பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, "இன்னாடா இது, ஜலதோஷத்துக்குக் குடிக்கிற கஷாயம் மாதிரி கீது" என்று திட்டி, மறுபடி காய்ச்சி, குடிலை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவை அன்றைக்கு நான்தான் கூப்பிட்டேன். பின்னால் நடந்ததற்கும் அக்காதான் காரணம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

லீவு நாளில் மெர்சி பால்கோவாவைப் பிசைந்து குழந்தை இயேசுவைச் செய்தாள். கட்டை விரல் அளவுதான். கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தது. செய்யும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. எறும்பு வராமல் ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி அதன்மேல் குடிலை வைத்தோம். லோகேஷ் அந்தக் கிண்ணத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரி என்று பெயர் வைத்துக் காகிதக் கப்பல் விட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது மச்சான், பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நானும் மெர்சியும் வேலைக்குப் போய்விட்டோம். அரையாண்டுப் பரீட்சை நடப்பதால் பிள்ளைகள் மத்தியானமே வந்துவிடுவார்கள், அக்காதான் பார்த்துக்கொள்வாள். அக்கா தலைக்குக் குளித்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எங்கள் முருகர் படத்துக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறாள். திரும்பினால் ஸ்டூல் மேல் இன்னொரு சாமி. கைக்குழந்தையோடு தாய். அதை மட்டும் விட்டுவிட்டுப் போக அக்காவுக்கு மனசு வருமா? பூ வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, அதற்கும் கற்பூரம் காட்டிவிட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன். எங்கள் வீட்டு வழக்கத்தில், சாமிக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டின பலகாரம் படையல் ஆகிவிடும். அதை வீட்டிலேயே பூட்டி வைக்கக் கூடாது, நாலு பேருக்குக் கொடுத்தாக வேண்டும். லோகேஷ் குறுக்கே நின்று, "அத்த, சாம்சன் மாமா வர்ற வரைக்கும் தின்னக் கூடாது" என்று சொல்லியிருக்கிறான். "தின்னக் கூடாதுன்றது தின்பண்டத்துக்குடா. இது பிரசாதம்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு கிளம்பிவிட்டாள் அக்கா.

மாடியில் குடியிருக்கிற வடநாட்டுப் பையன்களுக்குச் சுவர். தெருப் பிள்ளைகளுக்குக் கூரையும் ஆடுகளும். ராஜாக்கள் மூவரும் எதிர் வீட்டில். கோதண்டம் யோசேப்பை வாங்கி டீயில் தொட்டுக்கொண்டாராம். அவர் மனைவிக்கு சுகர் என்பதால் மரியாளில் பாதி. சரி, குழந்தையை? எழிலரசி என்று கோடி வீட்டில் ஒரு பெண். கல்யாணமாகிக் குழந்தை இல்லாமல் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடக்கிறவள். அக்கா குழந்தை இயேசுவை வெற்றிலையில் வைத்து அவள் வீட்டுக்கே கொண்டுபோய், "கெயக்கப் பாத்து நின்னு முழுங்குமா, அடுத்த வருசம் உன் மடியில ஒண்ணு கெடக்கும்" என்று கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் முகம் கழுவி, பொட்டு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். இதைக் கேட்ட பிறகு நான் யார் மேல் கோபப்படுவது?

ஆனாலும் அக்காவைக் கேட்டேன். ஏன்க்கா, சாமியைப் போய்த் தின்னக் கொடுத்துட்டியே என்றேன். "ஏன், நான் ஒரு தபா மெர்சிகூட சர்ச்சுக்குப் போயி பாத்தேனே. ஃபாதரு எல்லாரு வாயிலயும் அப்பம் வெச்சாரே, அது இன்னாவாம்?" என்று திருப்பிக் கேட்டாள். நீங்கள் வாராவாரம் சர்ச்சுக்குப் போகிறவர், பதில் தெரிந்தால் எழுதவும்.

சாயங்காலம் மெர்சி வந்தாள். ஸ்டூல் இருந்தது, கிண்ணங்கள் இருந்தன, காகிதக் கப்பல் இருந்தது, கொஞ்சம் சேமியா கிடந்தது. "எங்கண்ணன் வந்து எதைப் பாக்கும்?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். நேற்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அந்தக் கேள்வியில்தான். எதைப் பார்ப்பீர்களா? இவ்வளவு வருஷமாக இங்கே உங்கள் தங்கை இருக்கிறாள், அவளைப் பார்க்க வரவில்லை. அச்சு அசலாக உங்கள் மூக்கோடு ஒரு மருமகன் வளர்கிறான், அவனைப் பார்க்க வரவில்லை. கடலை மிட்டாயில் ஒரு கொட்டகை கட்டி வைத்தால் மட்டும் வருவீர்கள், அதுவும் யாரும் வாய் வைக்காமல் இருந்தால். இது என்ன நியாயம்? கூடப் பிறந்தவளைப் பார்க்க ஒரு பிஸ்கட் சாக்கு வேண்டுமா உங்களுக்கு? கம்பெனியில் ஆடிட்டுக்கு வருகிறவன்கூட, இதெல்லாம் தயாராக இருந்தால்தான் வருவேன் என்று சொல்ல மாட்டான்.

ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், குடில் இல்லை. ஊரார் வயிற்றுக்குள் போய்விட்டது. நீங்கள் பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் மிச்சம் இல்லாததால், பஸ் ஏறிச் சிரமப்பட்டு வர வேண்டாம். அச்சுகளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், விரும்பினால் கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும். வருகிற கிறிஸ்துமஸும் புது வருஷமும் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லாமல் நடக்க இரண்டு ஆண்டவர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபத்துடனும் மரியாதையுடனும்,
சே. தசரதன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை கூரியர் கடை மூடியிருந்ததால் கடிதம் கையிலேயே தங்கிவிட்டது. அதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைக் கேட்காமலே மாவு பிசைந்து ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவே வந்து பாகு காய்ச்சினாள். இனிமேல் கற்பூரம் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று முருகர் மேல் சத்தியம் பண்ணியிருக்கிறாள். மேய்ப்பர்களுக்கு இந்தத் தடவை இரண்டு கண்ணும் இருக்கின்றன. சுவர், கூரை, ஆடு, மாடாகிப்போன மான் எல்லாம் தயார். தொட்டில் மட்டும் காலி. மெர்சி குழந்தையைச் செய்ய மாட்டேன் என்கிறாள். சின்ன வயதில் அதை அண்ணன்தான் செய்யும், நான் செஞ்சதாலதான் தங்கல என்கிறாள். பால்கோவா ஃபிரிட்ஜில் இருக்கிறது. லோகேஷ் அடிக்கடி திறந்து தரம் பார்த்துவருவதால் அதிக நாள் தாங்காது. நீங்கள் வாசலுக்கு வந்ததும் ஆரத்தி எடுப்பேன் என்று அக்கா சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாமாவையும் தெருவுக்கெல்லாம் பங்கு போட்டுடுவாங்களா?" என்று அவன் அழுதான். அப்படியெல்லாம் விட மாட்டேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். மேலே 'வர வேண்டாம்' என்று எழுதினதை அடிக்கலாம் என்று பார்த்தேன், அடித்தால் அசிங்கமாகத் தெரியும், விட்டுவிட்டேன். படப்பை பக்கமாக வந்து எங்கள் ஸ்டாப்பில் இறங்கினால், தெருவில் நட்சத்திரம் கட்டின வீடு எங்களுடையது ஒன்றுதான். குடில் மறுபடி விழுந்தாலும் வாருங்கள் மச்சான். லோகேஷுக்கு இன்னும் காது குத்தவில்லை. உங்கள் மடிக்காகத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறோம்.