அரக்கு சார் வைத்த சீல்

எங்கள் வங்கியை மூடிய அன்று வந்திருந்தவர்கள்: கோர்ட் ரிசீவராக நியமித்த ஒரு வக்கீல், அவர் கூட கோர்ட் சேவகரான அமீனா, கேஷியர் ரஹீம் பாய், கிளார்க்காகிய நான், வாசலில் டெபாசிட் போட்ட சனம் ஒரு தெரு நிறைய. வராதவர்கள்: சேர்மன், செக்ரட்டரி, பணம்.

அந்த ரிசீவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உலகத்தில் திறப்பதற்கென்றே பிறந்தவர்கள் உண்டு. கடை திறப்பார்கள், சிலை திறப்பார்கள், வாய் திறப்பார்கள். மூடுவதற்கென்றே பிறந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அவர் மூடிய பொருளைத் திறக்க இன்னொரு மனிதனால் முடியாது. அவராலேயே முடியாது என்பதுதான் பிறகு பிரச்சினையானது.

காஞ்சிபுரத்தில் அரக்கு என்று சொன்னால் யாருக்கும் முதலில் புடவை நிறம்தான் ஞாபகம் வரும். அவர் வந்த ஒரே வாரத்தில் அது மாறிவிட்டது. கோட்டுப் பையில் அரக்குக் குச்சி, சட்டைப் பையில் தீப்பெட்டி, இடுப்பில் கயிறு கட்டிய பித்தளை முத்திரை. வக்கீல் சார் என்று தொடங்கிய மரியாதை, இரண்டாம் நாளே அரக்கு சார் என்று ஆகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் கோர்ட் உத்தரவில் மட்டும் இருந்தது.

வங்கி என்று நாங்கள் சொன்னாலும், போர்டில் இருந்தது நிதி லிமிடெட். நெசவுக்காரர்கள், பூக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் போட்ட பணத்தைச் சேர்மன் தன் மச்சான்களுக்குக் கடனாகக் கொடுத்தார். மச்சான்கள் நல்ல மனிதர்கள். வாங்கியதை யாருக்கும் திருப்பிக் கொடுத்து அவமானப்படுத்தவில்லை. கடைசியில் மிஞ்சியது தெருவைப் பார்த்த அந்தப் பழைய கட்டடம் ஒன்றுதான். அதை விற்று வரும் காசைத்தான் எல்லோருக்கும் பங்கு போட வேண்டும்.

அந்த எல்லோரில் என் அம்மாவும் ஒருத்தி. செவிலிமேட்டில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்ததும் இந்த வேலை கிடைத்தது. வேலைக்குச் சேருகிறவர் வீட்டிலிருந்து ஒரு டெபாசிட் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அம்மா கறவை மாடு இரண்டையும் விற்றுப் போட்டாள். தங்கை ஸ்டெல்லா பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பணத்தில் நர்சிங் படிப்பது என்று ஏற்பாடு. எனக்குச் சம்பளம் எட்டு மாதம் வந்தது. அப்புறம் அரக்கு சார் வந்தார்.

முதல் நாள் அவர் வைத்த சீல்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இரும்புப் பெட்டிக்கு வைத்தார், நியாயம். மேஜை இழுப்பறைகளுக்கு வைத்தார், சரி. புகார்ப் பெட்டிக்கு வைத்தார். தண்ணீர்க் குழாய்க்கு வைத்தார். சுவர்க் கடிகாரத்துக்கு வைத்தார். ஏன் சார் என்று கேட்டதற்கு, உள்ளே இருக்கும் பேட்டரி அசையும் சொத்து என்றார். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு எங்களை வெளியே அனுப்பி, தேக்குக் கதவு இரண்டையும் இழுத்துச் சாத்திப் பூட்டு போட்டு, பூட்டின் மேல் துணி சுற்றி, அதன் மேல் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். கூட்டமே மூச்சு விடாமல் பார்த்தது. அப்போது உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள்.

அரக்கு சார் கதவின் மேல் காதை வைத்தார். "யாரது உள்ள?"

"நான்தான் சார், கேஷியர்."

"கேஷியர் வெளிய இருக்கணும்னு உத்தரவுல இருக்குது."

"நானும் அதைத்தான் சார் சொல்றேன்."

ரஹீம் பாய் பின்பக்கம் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். சீலை உடைத்துவிடலாமே என்றேன். அரக்கு சார் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே ஒரு சீல் விழுந்தது. வைத்த சீலை உடைக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும், கோர்ட்டில் இப்போது சாப்பாட்டு நேரம் என்றார். கடைசியில் தெருக்கோடியிலிருந்து தச்சர் ஏழுமலையை அழைத்து வந்து, பக்கத்து ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, ரஹீம் பாயை அந்த வழியாக இறக்கினோம். ஜன்னலை மாட்டி அதன் கதவுக்கும் சீல் வைத்த பிறகு அரக்கு சார் குறிப்பில் ஒரு வரி எழுதினார்: 'கேஷியர் ஒன்று, நல்ல நிலையில்.'

சீல் வைத்த கட்டடத்துக்குள் உட்கார முடியாது என்பதால், ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகைதான் எங்கள் ஆபீஸ். வெயில் காலத்தில் அந்தத் தகரத்தின் கீழ் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். அவருடைய காப்பி பிளாஸ்க்கின் மூடியிலும் அரக்கு இருக்கும். வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கும் வைத்திருக்கிறார் என்று அமீனா சொன்னார். அதை நான் நேரில் பார்க்கவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கேஷியர், கிளார்க், டெபாசிட்டர், அவ்வளவுதான்.

ஒரு நாள் அம்மா வந்தாள்.

"எங்க துட்டு வருமா சார்?"

அவர் எழுந்து நின்றார். "நீங்க டெபாசிட்டரா வந்திருக்கீங்களா, கிளார்க்கோட அம்மாவா வந்திருக்கீங்களா?"

"ரெண்டும் நான்தானே."

"அப்போ ரெண்டு தடவை வாங்க. டெபாசிட்டருக்குப் பத்து மணி. அம்மாவுக்கு ஒரு மணிக்கு மேல."

அம்மா மறுநாள் பத்து மணிக்கு வந்தாள். எவ்வளவு வரும் என்று எந்த உறுதியும் தர முடியாது என்று கல் மாதிரி சொல்லி அனுப்பினார். ஒரு மணிக்கு எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு மறுபடி வந்தாள். உட்காரவைத்து, பொண்ணு எந்த காலேஜ், பணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று விசாரித்தார். "காலையில இருந்தவரு வேற ஆளுடா," என்றாள் அம்மா வீட்டுக்கு வந்து.

கட்டடத்தை வாங்க வந்தவர் ஒரு பட்டுக்கடை முதலாளி. அவர் ஆசைப்பட்டது செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அல்ல. வைகாசி உற்சவத்தில் பெருமாள் எங்கள் தெரு வழியாக வரும்போது சில வாசல்களில் மட்டும் நின்று, மாலை வாங்கி, கற்பூரம் ஏற்றுப் போவார். மண்டகப்படி என்று பெயர். எங்கள் வங்கி வாசல் அதில் ஒன்று. பெருமாளே நிற்கும் பட்டுக்கடை என்றால் முகூர்த்தப் புடவைக்கு வேறு கடைக்கு எவன் போவான்?

ஆனால் முதலாளிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. மூடிய கதவுக்கு முன்னால் சுவாமி நிற்பதில்லை. ஒரு வருஷம் நிற்காவிட்டால் அந்த மண்டகப்படி, வரிசையில் காத்திருக்கும் வேறு வாசலுக்குப் போய்விடும். போனாலும் கட்டடம் மலிவாக வரும், மண்டகப்படியைப் பிறகு பேசித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கதவில் சீல். உற்சவமோ மே மாதத்தில். கோர்ட் கோடை விடுமுறையில்.

"சாமி நின்னா ஒரு ரேட்டு சார். நிக்காம போய்ட்டாருன்னா பன்னண்டு லட்சம் கம்மி," என்றார் முதலாளி, ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு.

அரக்கு சார் வாதாடவில்லை. இரண்டு ரேட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். முதலாளி சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு லட்சம் என்றால் என்ன என்று எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். அது வந்தால் போட்ட ரூபாய்க்கு எழுபது பைசாவுக்கு மேல் கிடைக்கும். ஸ்டெல்லா கல்லூரிக்குப் போவாள். வராவிட்டால் ஐம்பதுதான், அவள் புடவைக் கடையில் மடித்துவைக்கும் வேலைக்குப் போவாள். அந்த முதலாளி கடைக்கே கூடப் போக வேண்டி வரலாம்.

அரக்கு சார் சட்டத்தைப் புரட்டி ஒரு முடிவுக்கு வந்தார். பெருமாள் நிற்பது கட்டடத்தோடு சேர்ந்த மதிப்பு. மதிப்பைக் காப்பாற்றுவது ரிசீவர் கடமை. ஆகவே பெருமாளை நிறுத்தியாக வேண்டும். ஆனால் மாலைக்கும் சுண்டலுக்கும் டெபாசிட்டர் பணத்தில் ஒரு பைசா எடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. நீங்களே வசூல் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். பண்ணினோம். சீலை உடைக்க உத்தரவு கேட்டு விடுமுறைக் கால கோர்ட்டுக்குப் பஸ் ஏறிப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா, சாமி இந்தக் கேஸில் வாதியா பிரதிவாதியா என்று கேட்டாராம். அரக்கு சார் உத்தரவு இல்லாமல் திரும்பி வந்து பிளாஸ்க்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

உற்சவத்தன்று காலை தெருவெல்லாம் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாகிவிட்டது. எங்கள் கதவு மூடியே இருந்தது. வசூல் பண்ணி வாங்கிய மாலை கூடையில் வாடிக்கொண்டிருந்தது. சனம் அரக்கு சாரைச் சுற்றி நின்றது. உடைச்சிடுங்க சார், யார் கேக்கப்போறாங்க என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

"நான் கேப்பேன்," என்றார் அவர்.

ரஹீம் பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் அந்த மண்டகப்படிக்கு மாலைத்தட்டு, காப்பரிசி, மேளக்காரருக்குக் காசு எல்லாம் எண்ணி வைப்பவர் அவர்தான். பெருமாள் நிற்காமல் போவது அவருக்குச் சொந்தக் கணக்கு உதைப்பது மாதிரி.

"சார், அன்னைக்கி என்னை வெளிய எடுத்தீங்களே. சீல் உடைஞ்சுதா?"

"இல்ல."

"ஜன்னலைக் கழட்டினவன் கதவைக் கழட்ட மாட்டானா சார்?"

அரக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கதவை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் பாதிச் சிரிப்பு. "கிளார்க், தச்சரைக் கூப்பிடுங்க."

கீல்கள் உள்பக்கம். ஏழுமலை பழையபடி ஜன்னலை, அதன் சீல் உடையாமல் சட்டத்தோடு கழற்றி உள்ளே போனார். ஒவ்வொரு திருகும் துருவேறி அலறியது. மேளச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போது இரண்டு கீல் பாக்கி. "கதவைப் புடிச்சிக்கோங்கபா, எம்மேல சாய்ச்சிடாதீங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஆறு நெசவுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கதவிரண்டும் பூட்டோடும் சீலோடும் ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி வெளியே வந்து, பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. அதற்குக் காவலாக அமீனா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

குடைகள் ஆடிக்கொண்டு வந்தன. கோயில் மணியக்காரர் முன்னால் வந்து எங்கள் வாசலைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"கதவு எங்க?"

"இல்ல," என்றார் அரக்கு சார், மாலைத்தட்டோடு. "இல்லாத கதவு மூடியிருக்க முடியாது."

மணியக்காரர் சுவரில் சாய்ந்திருந்த கதவையும், ஸ்டூலில் இருந்த அமீனாவையும், கறுப்புக் கோட்டில் வியர்வை சொட்ட நின்றவரையும் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். பெருமாள் நின்றார்.

என் அம்மா அதுவரை எந்த உற்சவத்துக்கும் வந்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலோடு சரி. ரஹீம் பாயிடம், "எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும் பாய்?" என்று கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும். எல்லாரும் பாக்குற பக்கம் பாரு."

எதிர்வாசலில் பட்டுக்கடை முதலாளியும் கைகூப்பி நின்றிருந்தார். பன்னிரண்டு லட்சம் போகிறவர் எப்படிக் கும்பிடுவாரோ அப்படிக் கும்பிட்டார். கற்பூரம் அணைவதற்குள் அரக்கு சார் மணியக்காரரிடம் ஒரு தாளை நீட்டி, சுவாமி நின்றது உண்மை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். சனம் கலைந்த பிறகு, மிச்சச் சுண்டல் இருந்த அண்டாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அமீனா அவசரமாக அரக்குக் குச்சியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கதவை மாட்டியதும் அந்தக் குச்சியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் சட்டத்தையும் சுவரையும் சேர்த்துப் புது சீல் வைத்தார். இந்த ஒரு குச்சி உங்கள் மண்டகப்படியால் வந்த செலவு, வங்கிக் கணக்கில் எழுத முடியாது, பன்னிரண்டு ரூபாய் கொடுங்கள் என்று டெபாசிட்டர்களைப் பார்த்துக் கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ரசீது கொடுத்தார்.

ஜூனில் கோர்ட் திறந்தது. முதலாளி தான் எழுதிக் கொடுத்த பெரிய ரேட்டையே கட்டினார். ரூபாய்க்கு எழுபத்திரண்டு பைசா வந்தது. அரக்கு சார் கோர்ட் நிர்ணயித்த தன் சம்பளத்தைப் பைசா விடாமல் எடுத்துக்கொண்டார். சனம் சால்வை போர்த்த வந்தபோது, சால்வை அசையும் சொத்து என்று தள்ளி நின்றார். ஸ்டெல்லாவுக்குப் பணம் கட்டிய அன்று மட்டும், ஒரு மணிக்கு மேல், அம்மா கொண்டுபோன சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டார்.

உத்தரவு வந்து அவரே அந்த ஜன்னல் சீலை உடைத்தபோது கீழே சிதறிய அரக்கில் ஒரு துண்டை அம்மா பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அது எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டெல்லா இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவுக்கு வரும்போதெல்லாம் இது என்னம்மா குப்பை என்று எடுத்துப் போடப் பார்ப்பாள். அம்மா கையைத் தட்டிவிடுவாள்.

"வையிடி அங்க. சும்மா வரல அது. பன்னண்டு ரூபா."