ஏலக்காய் முறைப்படி எடுத்த வெங்காய விதை

போடிநாயக்கனூர்,
17-6-1956

அன்புள்ள மாப்பிள்ளை பெரியகருப்பனுக்கு உன் அக்காள் புருஷன் திருப்பதி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ராமுத்தாயும் சுகம். தேவாரத்தில் நீயும் பிள்ளைகளும் உழவு மாடுகளும் சுகமாயிருக்க முருகன் கிருபை செய்யட்டும்.

நாற்றங்கால் தயார், வெங்காய விதை எங்கே என்று கேட்டிருந்தாய். யானை மிதித்த உன் தோட்டத்தில் தப்பியது ஒரு கூடை வெங்காயம்தான் என்பதை நான் மறக்கவில்லை. "மச்சான், ஒங்க கொல்லையில நட்டுப் பூக்கவிட்டு வெதை எடுத்துக் குடுங்க. இதுவும் போச்சுன்னா எங்கப்பா காலத்து வெங்காயம் அத்துப்போகும்" என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை. மறந்தால்தான் தூக்கம் வருமே. ஒரு விதைகூட முளைக்கவில்லை மாப்பிள்ளை. ஏன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் தலை நரைக்கும்வரை காய் உலர்த்தித் தரம் பிரித்தவன், எனக்குத் தெரியாத விதையா என்றுதான் இறங்கினேன். நட்டது நன்றாகத்தான் வந்தது, தண்டு நீண்டு உச்சியில் உருண்டையாக வெள்ளைப் பூ பூத்தது, உடனே தேனீக்கள் வந்து மொய்த்தன, உன் சொத்தை அவை தின்றுவிடக் கூடாதே என்று என் கொசுவலையைப் போட்டு மூடினேன், அன்று முதல் கொசு என்னை மொய்த்தது, உன் அக்காள் பார்த்துவிட்டு, "ஈ ஒக்காராம காய் எப்பிடிப் பிடிக்கும்?" என்றாள், மனசு கேட்காமல் பாதிப் பூவுக்கு மட்டும் வலையை எடுத்தேன், அந்தப் பாதியில் காய் பிடித்தது, பத்திரமாக மூடிவைத்த பாதியில் பிடிக்கவில்லை, இது என்ன நியாயம் என்று நீதான் சொல்ல வேண்டும். காய் வெடிக்கும் முன்பே பச்சையாகப் பறித்துவிட்டேன், வெடித்த ஏலக்காயை எந்த வியாபாரி தொடுவான்? பழைய முதலாளியிடம் கெஞ்சி, ஸ்டோர் அறையில் ஏலக்காயோடு வைத்து நல்ல சூட்டில் உலர்த்தினேன், ஒரு லோடு ஏலக்காயும் வெங்காய வாசம் அடித்தது, "திருப்பதி, நீதான் வேலையவிட்டு நின்னுட்டேல்ல, இனி வீட்லயே இருய்யா" என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் உதிர்த்து, முறத்தில் கொட்டித் தரம் பிரித்தேன். பச்சையும் வெளுப்புமாக இருந்ததெல்லாம் முதல் தரம். கருத்துப் போனதைக் கழிவு என்று சாக்கடையில் கொட்டினேன். ஏலக்காயில் கருப்பு வந்தால் கழிவுதானே, வெங்காயத்துக்கு மட்டும் தனிச் சட்டமா?

அந்த முதல் தரத்தைத்தான் உனக்கு அனுப்புமுன் கொஞ்சம் விதைத்துப் பார்த்தேன். புல் முளைத்தது, கீரை முளைத்தது, வெங்காயம் முளைக்கவில்லை. ராமுத்தாயிடம் சொன்னால், "வறுத்த கடலைய வெதைச்சா மொளைக்குமா? போயி வேற சோலி இருந்தாப் பாருங்க" என்கிறாள். கூடப்பிறந்தவன் நிலம் தரிசாகக் கிடக்கப் போகிறதே என்ற கவலை அவள் முகத்தில் துளியும் இல்லை. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

உன் எதிரில் வந்து நிற்க எனக்கு முகமில்லை. பெரிய மனசு பண்ணி மச்சானை மன்னித்துவிடு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாடுகளை எனக்காக ஒருமுறை தடவிக் கொடு.

இப்படிக்கு,
உன் மச்சான்
திருப்பதி

பின்குறிப்பு: ஒட்டும் முன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். "எந்தம்பி வெங்காயத்தையா ஒங்க கையில குடுப்பேன்? நீங்க நட்டது சந்தையில வாங்குனது. அவன் வெங்காயத்த அடுத்த தெரு ரெபேக்காள் வீட்டுக் கொல்லையில நட்டு, கருகருன்னு வெதை எடுத்து, துணியில முடிஞ்சு வச்சிருக்கேன்" என்கிறாள். இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அங்கயும் வந்து பாத்திருப்பீகள்ல" என்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்சில் விதையோடும் இந்தக் கடிதத்தோடும் வருகிறாள். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு.