எட்டுச்சுத்தும் என் அலாய் வீலும்

தேனி மாவட்டத்தில் இன்றைக்குச் சக்கரம் கழன்று தனியாக ஓடாமல் இருக்கிற வண்டிகளில் பாதிக்கு எட்டுச்சுத்துதான் காரணம். மீதிப் பாதியை வீரபாண்டி ஆத்தா பார்த்துக்கொள்கிறாள். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

பெரியகுளம் சாலையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக் அவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். சக்கரத்து நட்டை ஸ்பேனர் படாமல் வெறும் விரலால் சுற்றி, வாய்விட்டு எண்ணுவார். எட்டு சுற்று மரை பிடித்தால் வண்டி வெளியே போகலாம். ஏழோடு நின்றால், மந்திரி வண்டியானாலும் கொட்டகையில் கிடக்க வேண்டியதுதான்.

தான் எண்ணாத சக்கரத்தை அவர் நம்பமாட்டார். பஸ் ஏறுவதற்கு முன் பஸ்ஸைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பார். கண்டக்டர் கத்துவார்: "பெரியவரே, ஏறுறீகளா, இல்ல பிரகாரம் சுத்தி முடிச்சு சுண்டல் வாங்கிட்டுத்தான் வருவீகளா?" ஏறிய பிறகும் கண்ணை மூடமாட்டார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சன்னல் வழியே காதை நீட்டி, மதுரை வரைக்கும் சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

வீரபாண்டித் திருவிழாவில் ஒருமுறை ராட்டினத்தையே நிறுத்திவிட்டார். சனம் வரிசையில் நிற்க, அடிக்கம்பத்துப் போல்ட்டுகளை எல்லாம் தட்டிப் பார்த்து, இரண்டை இறுக்க வைத்தார். ராட்டினக்காரர் கும்பிட்டு, "நீங்க ஒரு சுத்து சும்மா ஏறிக்கங்கய்யா" என்றார். "ஆத்தாடி, எனக்கு உசரம்னா பயம்ப்பா" என்று கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் மாட்டியது என் பவிசினால். சுருளிப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட கடைசித் தங்கச்சியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த மடி என்னுடையது. தங்கச்சி வீட்டு மாப்பிள்ளையோ பளபளவென்று புதுக்கார் வாங்கியிருந்தார். என் காருக்குப் பன்னிரண்டு வயது. புதுக்கார் வாங்க வக்கில்லாதவன் என்ன செய்வான்? மதுரைக்குப் போய் நாலு அலாய் வீல் வாங்கி மாட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்டு, சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

விசேஷத்துக்கு முதல்நாள், நாலு நல்ல வார்த்தை கேட்கலாமே என்று எட்டுச்சுத்தின் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவர் அலாயைப் பார்க்கவே இல்லை. ஒரு நட்டைக் கழற்றி, மறுபடி விரலால் சுற்றினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

அதோடு நின்றுவிட்டது.

"நாலு சுத்துலயா மதுரையில இருந்து வந்த?"

"ஆமாண்ணே. தொண்ணூறுல வந்தேன்."

"எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்ட?"

அவர் விளக்கினார். "பழைய சக்கரம் தகடு. இது தடிமனு. சக்கரத்தைத் தாங்குற, நட்டு ஏறுற ஸ்டட்டு அதே பழைய நீளம். தொப்பை விழுந்த பொறவு ஒனக்குப் பழைய பெல்ட்டு எட்டுதா? ஒன் வண்டி நட்டுப் பிடிச்சு ஓடல தம்பி, பழக்கதோசத்துல ஓடியிருக்கு."

பதினாறு ஸ்டட்டையும் தட்டிக் கழற்றிவிட்டு நீளமானது போடவேண்டும் என்றார். "அவசரம்னா பஸ்ல போயிரு."

"தாய்மாமன் சீரைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போய் எறங்கவாண்ணே? அலாய்ல வாரேன்னு ஊருக்கே போட்டோ அனுப்பிட்டேன்."

வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் அன்றைக்கே பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சீர்த்தட்டோடு கொட்டகைக்குப் போனேன். மூன்று சக்கரம் முடிந்திருந்தது. நாலாவதில் ஒரே ஒரு ஸ்டட் பாக்கி. முகூர்த்தம் பத்தரைக்கு. மணி எட்டரை. ஸ்டட்டைப் பின்பக்கமிருந்து, சக்கரம் மாட்டுகிற ஹப்பில் சொருகி, முன்பக்கம் வாஷர் அடுக்கி நட்டை முறுக்கினால், அது இழுபட்டு வந்து உட்காரும். அவ்வளவுதானே?

"விடுங்கண்ணே, இதை நான் இழுக்கிறேன்" என்று ஸ்பேனரைப் பிடுங்கினேன். கண்ணில் பூச்சி பறக்க முறுக்கினேன். ஸ்பேனர் நின்றது. நின்றது என் தெம்புதான் என்பது பிறகுதான் தெரிந்தது. "முடிஞ்சதுண்ணே!"

சக்கரத்தை மாட்டி எண்ணினார். மற்றதெல்லாம் எட்டு. என்னுடையது மட்டும்:

"ஏழு."

"ஏழு நல்ல நம்பர்ணே! ஏழுமலையானே இருக்காரு..."

"ஏழுமலையானுக்கு வீல் கெடையாது" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தை மறுபடி கழற்ற ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம். "ஒரு சுத்துக்காக என் மருமகன் காதை மூளியாக்கப் பாக்குறீகளா? நட்டை முறுக்குங்க, நான் கெளம்புறேன்!" என்று கத்தினேன். எதிர் டீக்கடையில் வடை தின்றவர்கள் தின்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் ஹப்புக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்டட்டின் தலை சரியாக உட்காரவில்லை. நகக்கண் அளவுக்கு இடைவெளி.

"இதை இழுத்தது யாரு?"

"...நான்தாண்ணே."

"வண்டி ஓட ஓட இது உள்ள போய் உக்காரும். உக்காந்ததும் நட்டு லூசாயிரும். அதுக்குப் பொறவு சக்கரம் ஒனக்கு முன்னாடியே காதுகுத்துக்குப் போயிரும்."

அவர் நிதானமாக இழுத்து உட்காரவைத்து, சக்கரத்தை மாட்டி எண்ணினார். "எட்டு." கெட்டிமேளம் கேட்டதுபோல இருந்தது எனக்கு. மணி ஒன்பதடிக்கப் போகிறது. அவர் ஸ்பேனரோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டு, என் சீர்த்தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். "புது ஸ்டட்டு. அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா இறுக்கணும். சுருளிப்பட்டி சரியா அம்பது. வண்டிய எடு."

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். என் மடியில் மருமகன் ஊரே அதிரக் கத்தினான். அலாயை ஒரு நாய் மட்டும் மோந்து பார்த்தது. பந்தலுக்கு முன்னால் குத்தவைத்து நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்த எட்டுச்சுத்திடம் மாப்பிள்ளை மெதுவாகப் போய், "அண்ணே, என் புதுவண்டியவும் ஒருக்கா எண்ணிப் பாத்துருங்களேன்" என்றார்.

ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்றால், அதற்குக் காரணம் ஸ்டட் இல்லை. வழியில் சின்னமனூர் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். சன்னலில் தலை சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, சீர்த்தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் ஸ்பேனர். அறுபதில் போன வண்டியை நாற்பதுக்கு இறக்கினேன். உத்தமபாளையத்தில் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன். தங்கச்சி.

"அண்ணே, எங்கன இருக்க? காது குத்துற ஆசாரி வந்து உக்காந்துட்டாரு!"

"கத்தாத ஆத்தா, மெதுவாப் பேசு" என்றேன். "பின்னால எட்டுச்சுத்து தூங்குறாக."